போல்ட்டின் தலையை மட்டும் பார்த்து வாங்காதீர்கள்

பெங்களூரில் தன் காரைத் தானே பார்த்துக்கொள்கிற எவருக்கும் உதிரிபாகக் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோடு பழக்கமான இடம். அங்கே போய் "பதினான்காம் நம்பர் போல்ட் ஒன்று கொடுங்கள்" என்று கேட்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். பதினான்கு என்பது ஸ்பானரின் அளவு, அதாவது போல்ட் தலையின் அகலம் மி.மீ.யில். போல்ட்டின் குறுக்களவு வேறு, மரையின் இடைவெளி (ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் உள்ள தூரம்) வேறு. இதைக் கவனிக்காத ஒரு பட்டறை என் மாருதியில் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரைப் பாழாக்கியது.

அந்தப் பட்டறையில் சர்வீஸ் முடிந்து வந்த வண்டியில் ஆல்டர்னேட்டர் பெல்ட் கீச்சிட்டது. அல்சூரில் வழக்கமாக வேலை பார்த்துத் தரும் தமிழ் மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். ஆல்டர்னேட்டர் போல்ட்டைக் கழற்றப் பதினான்காம் நம்பர் ஸ்பானரை எடுத்தவர், அது பிடிக்காமல் பதினேழுக்குப் போனார். "ஜப்பான் வண்டியில் இந்த இடத்தில் பதினேழு வராது சார். யாரோ வெளி போல்ட்டைத் திணித்திருக்கிறார்கள்" என்றார். வெளியே வந்த போல்ட்டின் மரைப் பள்ளங்களில் அலுமினியச் சுருள்கள் பளபளவென்று சிக்கியிருந்தன. துவாரத்தின் வாயில் மரை நசுங்கி வழவழப்பாகிக் கிடந்தது.

அசல் போல்ட், திணித்த போல்ட் இரண்டுமே 10 மி.மீ. குறுக்களவுதான். ஜப்பானிய வழக்கில் அதற்குத் தலை 14, மரை இடைவெளி 1.25. கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பது 1.5 இடைவெளி; தலை பழைய ஜெர்மன் தரத்தில் 17, இன்றைய சர்வதேச ஐ.எஸ்.ஓ. தரத்தில் 16. மெக்கானிக் அசல் போல்ட் ஒன்றையும் இதையும் வெர்னியர் அளவுகோலில் வைத்துக் காட்டினார்: பத்து மரைகளுக்கு ஒன்றில் 12.5 மி.மீ., மற்றதில் 15. கையால் திருகினால் ஓரிரு சுற்று ஏறி நின்றுவிடும். நின்ற இடத்தில் நிறுத்தாமல் கன் (போல்ட் முடுக்கும் இயந்திரம்) வைத்து ஏற்றியதுதான் கொடுமை. கடைசியில் துவாரத்தைப் பெரிதாக்கி, புது மரை வெட்டி, ஹெலிகாயில் என்ற மரைக் கம்பிச்சுருளைப் போட்டுக் காப்பாற்றினார்.

8 மி.மீ. போல்ட்டில் இந்த ஆபத்து குறைவு. மாருதியில் 12 தலை, ஐரோப்பிய வண்டிகளில் 13. மரை பெரும்பாலும் இரண்டிலும் 1.25தான். ஆனால் 12 தலையில் 13 ஸ்பானரைப் போட்டு முனைகளை மழுக்கிவிடுவார்கள், அது தனி வேதனை. 6 மி.மீ.க்கு எங்கும் பெரும்பாலும் 10.

தலையில் பொறித்திருக்கும் 8.8, 10.9 எண்களையும் தயவுசெய்து பாருங்கள். 8.8 என்றால் இழுவலிமை 800 மெகாபாஸ்கல், அதில் 80 சதவீதத்தில் போல்ட் நிரந்தரமாக நீளத் தொடங்கும். அதைவிட வலுவான 10.9 இருந்த இடத்தில் 8.8 போடவே கூடாது.

---

மேலே எழுதியவர் சொன்னது சக்கர நட்டுக்கும் பொருந்தும். சிவாஜிநகரில் பழைய அலாய் வீல் வாங்கியபோது நட்டுகளையும் சேர்த்துக் கொடுத்தார்கள். என் சுசுகியில் சக்கர நட் ஏறும் ஸ்டட் (தலையில்லாத திருகு) 12 மி.மீ., மரை 1.25. வந்த நட்டுகள் ஹோண்டா, டொயோட்டா வண்டிகளுக்கான 1.5. இரண்டுக்கும் ஒரே குறுக்களவு என்பதால் பார்வைக்கு வித்தியாசமே தெரியவில்லை. நட் இரண்டாவது சுற்றிலேயே இறுகியது. பொருத்த வந்த பையன் "எண்ணெய் போட்டால் ஏறிவிடும்" என்றான். விடவில்லை, ஜே.சி. ரோட்டுக்குப் போய், மரையும், சக்கரத்தில் நட் உட்காரும் பகுதியின் வடிவமும் பார்த்துச் சரியான நட்டுகளை வாங்கி வந்தேன். ஒவ்வொன்றும் விரலாலேயே சக்கரம் வரை ஓடியது.