கேம்ப்பில் பார்த்த புது ரிசீவர்: உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

ஆப்பிள்டன் அப்பா:

அமெரிக்க ஃபுட்பாலில் க்ரீன் பே பேக்கர்ஸ் வீரர்கள் பயிற்சிக்குப் போகும்போது பிள்ளைகளின் சைக்கிளை வாங்கி மிதித்துப் போகும் வழக்கம் உங்களுக்கெல்லாம் தெரியும். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். சில வருடம் முன்பு, சீசனுக்கு முந்தைய டிரெயினிங் கேம்ப் தொடங்கிய முதல் வாரம். லாம்போ ஸ்டேடிய வாசலில் என் மகள் ஊதா நிற சைக்கிளோடு நின்றாள், அப்போது அவளுக்கு ஒன்பது வயது. பெயர் பெற்ற வீரர்கள் எல்லாம் வேறு பிள்ளைகளின் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்கள். கடைசியாக வந்தவர், அணிகள் காலேஜ் வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் ட்ராஃப்ட்டில் யாருமே எடுக்காத ஒரு ரூக்கி (முதல் வருட) ரிசீவர், அதாவது எறியும் பந்தை ஓடிப் பிடிப்பவர். பெயரை எழுதப் போவதில்லை. "ஏறிக்கலாமா?" என்று அவளிடம்தான் கேட்டார், என்னிடம் இல்லை. ஹெல்மெட்டை அவள் கையில் கொடுத்துவிட்டு, முழங்கால் ஹேண்டில்பாரில் இடிக்க இடிக்க பயிற்சி நடக்கும் நிட்ச்கி மைதானம் வரை மிதித்தார்.

பயிற்சி முடிந்தது. மற்றவர்கள் சைக்கிளைத் தேடி வந்தார்கள், இவர் வரவில்லை. பார்த்தால், மைதான ஓரத்தில் பந்தை வீசும் ஜக்ஸ் மெஷின் முன்னால் நிற்கிறார். பந்துகளைப் போட்டுவிட ஒரு பையன் மட்டும் கூட இருந்தான். முதலில் நேராக நின்று பிடித்தார். அப்புறம் இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு வலது கையால் மட்டும். அப்புறம் மெஷினுக்கு முதுகைக் காட்டி நின்று, பந்து கிளம்பும் சத்தம் கேட்டதும் திரும்பிப் பிடித்தார். இரண்டு நழுவின. அவற்றை எடுத்துப் போட்டுவிட்டு அதே இடத்தில் நின்று மறுபடியும். பிடித்த ஒவ்வொரு பந்தையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நாலு அடி ஓடிவிட்டுத்தான் கீழே போட்டார். என் மகள் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று எண்ணினாள். எண்பத்தொன்பது வரை தமிழில், அதற்குப் பிறகு ஆங்கிலத்தில். 112 வரை போனது.

வந்ததும் அவளிடம் மன்னிப்புக் கேட்டார், காக்க வைத்துவிட்டேன் என்று. விரலில் சுற்றியிருந்த டேப் வியர்வையில் பிரிந்து தொங்கியது. ஒரு நகம் கருத்திருந்தது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நான்தான் மகளிடம் சொன்னேன், "இவர் நிச்சயம் டீமில் இருப்பார், பாரு."

ஆகஸ்ட் கடைசியில் அணியில் நிலைக்கும் 53 பேர் பட்டியல் வந்தது. அவர் இல்லை. "அவ்வளவு பிராக்டிஸ் பண்ணினாரே, ஏம்ப்பா?" என்று கேட்டாள். அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. இன்றைக்கும் அது உறுத்துகிறது. உங்களில் யாராவது இப்படிப் பார்த்திருந்தால் எழுதுங்கள்.

சின்சினாட்டி ரசிகை:

படித்து மனசு கனத்துவிட்டது சார். எனக்கு நேர் எதிரான அனுபவம்.

2021 ஆகஸ்டில் எங்கள் பெங்கால்ஸ் அணியின் புது ரிசீவர் ஜமார் சேஸ் கேட்ச்களை விட்டது ஞாபகம் இருக்கும். வாஷிங்டனுக்கு எதிரான ப்ரீசீசன் (சீசனுக்கு முந்தைய) ஆட்டத்தில் மட்டும் மூன்று. காலேஜ் பந்தில் வெள்ளைக் கோடு இருக்கும், இங்கே இல்லை, பந்தும் பெரிசு என்று அவர் விளக்கம் சொன்னதும் ஊரே சிரித்தது. முந்தின வருடம் எங்கள் குவார்ட்டர்பேக் (பந்தை எறிபவர்) பர்ரோவின் முழங்கால் போயிருந்ததால், அவரைக் காப்பாற்ற தடுப்பாட்டக்காரர் பெனே சூவலை எடுத்திருக்க வேண்டும் என்பதுதான் அலுவலகத்தில் தினமும் பேச்சு. சேஸ் 2020 சீசனில் ஆடவே இல்லை, ஒரு வருடம் பந்தைத் தொடாதவன் என்று ஏசினார்கள். உழைப்பு போதாது என்று முடிவே கட்டிவிட்டார்கள். நானும் தலையாட்டினேன்.

2022 ஜனவரி 2, கான்சாஸ் சிட்டி சீஃப்ஸ் அணியுடன் ஆட்டம். ஸ்டேடியத்தில் எனக்குப் பக்கத்து இருக்கையில் ஒரு பெரியவர், சீசன் டிக்கெட்காரர். அன்று சேஸ் 11 கேட்ச், 266 யார்டு, 3 டச்டவுன். ஆனால் எனக்கு அந்த எண்கள் இல்லை, ஒரே ஒரு பந்துதான் நினைவில் நிற்கிறது. நான்காவது க்வார்ட்டர், மூன்றாவது டவுன் (முயற்சி), தொடர்ந்து ஆட 27 யார்டு வேண்டும். அந்தப் பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டார், முன்பின் தெரியாதவர். பர்ரோ தூக்கிப் போட்டார், சேஸ் ஓரமாக ஓடி 30 யார்டுக்குப் பிடித்தார். பெரியவர் கையை விடாமல், "ஆகஸ்டில் இந்தப் பையனைப் பற்றி என்ன பேச்சுப் பேசினேன்" என்றார். கண் கலங்கியிருந்தது.

நான் சொல்ல வருவது இதுதான். ஆகஸ்டில் கைநழுவியதை வைத்து ஒருவரை ஒதுக்கவும் கூடாது, ஆகஸ்டில் மெஷின் முன்னால் நின்றதை வைத்து இருப்பார் என்று சொல்லவும் கூடாது. உங்கள் மகளிடம் "நிச்சயம்" என்று சொல்லியிருக்க வேண்டாம் சார்.

எட்ஜ்வுட் மலை:

மேடம், ஒன்பது வயதுப் பிள்ளையிடம் அப்பா நம்பிக்கையாகப் பேசியதில் தப்பு என்ன? சேஸ் கதை இங்கே பொருந்தவே பொருந்தாது. அவர் ட்ராஃப்ட்டில் ஐந்தாவதாக எடுக்கப்பட்டவர். பத்து கேட்ச்சை விட்டாலும் செப்டம்பரில் அவர்தான் களத்தில் இருந்திருப்பார். ட்ராஃப்ட் ஆகாதவருக்கு அந்த அவகாசம் கிடையாது. கேம்ப்பில் 90 பேர், அதில் ரிசீவர்கள் மட்டும் பத்துப் பன்னிரண்டு பேர், கடைசியில் நிற்பது ஐந்தாறு.

நான் இருப்பது சான் கார்லோஸ் பக்கம். சான் ஃபிரான்சிஸ்கோ அணியின் பெயர் பெற்ற ரிசீவர் ஜெர்ரி ரைஸ் ஆஃப் சீசனில் ஓடிய மலைப்பாதை எட்ஜ்வுட் பூங்காவில்தான், இரண்டரை மைல் ஏற்றம். அவர் அப்பா கொத்தனார். கோடையில் அப்பாவோடு வேலைக்குப் போய், அண்ணன் தம்பிகள் தூக்கிப் போடும் செங்கலைப் பிடித்து வளர்ந்த கை அது. ஆனால் 1985-இல் ரூக்கியாக வந்தபோது அவரும் பந்துகளை விட்டார், சொந்த அணி ரசிகர்களே கூச்சல் போட்டார்கள். அந்த வருடம் 49 கேட்ச், 927 யார்டு. முதல் ரவுண்டில் எடுத்த பையன் என்பதால் பொறுத்தார்கள். ஓய்வு பெறும்போது 22,895 யார்டு.

ஒரு சனிக்கிழமை காலையில் அந்த ஏற்றத்தில் பாதி ஏறி மூச்சு வாங்க நின்றேன். பின்னாலிருந்து ஒரு காலேஜ் பையன் ஓடி வந்தான், இடுப்பில் கனமான பெல்ட். என்னைத் தாண்டிப் போனான், கொஞ்ச நேரத்தில் இறங்கி வந்தான், மறுபடி ஏறினான். நான் உச்சிக்குப் போவதற்குள் மூன்று முறை. மேலே தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது கேட்டேன். ரிசீவராம், சின்ன காலேஜ். "ரைஸ் ஏறினதா சொல்றாங்க, அதான்" என்றான். எந்த காலேஜ் என்று கேட்டேன், சொன்னான், நான் கேள்விப்பட்டதே இல்லை. அது என் முகத்தில் தெரிந்துவிட்டது, அவனும் பார்த்துவிட்டான். ஒன்றும் சொல்லாமல் மறுபடி இறங்கி ஓடினான். அந்த முகத்தைக் காட்டியிருக்கக் கூடாது என்று இன்னும் நினைக்கிறேன்.

இர்வைன் வாசி:

என் கதை சின்னது. 2023-இல் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணியின் கேம்ப் இர்வைன் பல்கலையில் நடந்தபோது பையனோடு போனேன், அவர்களின் நட்சத்திர ரிசீவர் கூப்பர் கப்பிடம் கையெழுத்து வாங்க. வேலி ஓரம் முண்டியடித்து நின்றோம். அதே புல்தரையில்தான் புது ரிசீவர் புகா நகுவா இருந்திருக்கிறார், ட்ராஃப்ட்டின் ஐந்தாவது ரவுண்டில் 177-வதாக எடுக்கப்பட்டவர். நான் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. கப்புக்குத் தொடைத்தசை இழுத்துக்கொண்டதால் செப்டம்பரில் நகுவாவுக்கு வாய்ப்பு வந்தது. முதல் இரண்டு ஆட்டத்தில் 25 கேட்ச், சீசன் முடிவில் 105 கேட்ச், 1,486 யார்டு. 1960 முதல் இருந்த ரூக்கி யார்டு சாதனை போனது. பையன் இன்னமும் கேட்கிறான், "அப்பா, நாம அவரைப் பார்த்தோமா?"

அதற்கப்புறம் கேம்ப் பார்க்கிற விதத்தையே மாற்றிக்கொண்டேன். ஆப்பிள்டன் சார், அடுத்த முறை மகளோடு போனால் ஜக்ஸ் மெஷினைப் பார்க்காதீர்கள். அங்கே பந்து சொன்ன இடத்துக்கு வரும், எதிரே மறித்து நிற்கும் கார்னர்பேக் கிடையாது. அநேகமாக எல்லா ரிசீவரும் அதில் நின்று பழகுவார்கள். முதலில், யாருடைய பந்தைப் பிடிக்கிறார் என்று பாருங்கள். முதல் குவார்ட்டர்பேக்கா, மூன்றாவதா? அதிலேயே பாதி தெரிந்துவிடும். அடுத்தது, ஒருவருக்கு ஒருவர் பயிற்சியில் முதல் இரண்டு அடி. கார்னர்பேக் நெஞ்சில் கை வைப்பதற்குள் விலகுகிறாரா, கையைத் தட்டிவிடுகிறாரா என்று பாருங்கள். பந்து வரும் வரை காத்திருந்தால் விஷயம் அதற்கு முன்பே முடிந்திருக்கும். மூன்றாவது, பந்து வராதபோது என்ன செய்கிறார்? பந்தை எறியாமல் தூக்கிக்கொண்டு ஓடும் ரன் ப்ளேயில் எதிராளியை ப்ளாக் (மறித்துத் தடுத்தல்) பண்ணுகிறாரா? நகுவாவுக்கு அது பெரிய பலம். எல்லாவற்றையும்விட முக்கியம், பந்தை எதிரணிக்கு உதைத்து அனுப்பும் பன்ட் டீம் நிற்கும்போது அவர் எங்கே நிற்கிறார் என்பது. ஐந்தாவது, ஆறாவது ரிசீவருக்கு இடம் கிடைப்பது பெரும்பாலும் உதைக்கும் ஆட்டங்களுக்கான ஸ்பெஷல் டீம்ஸில்தான். பன்ட் உதைத்ததும் ஓரத்திலிருந்து முதல் ஆளாகப் பாய்ந்து போய்ப் பந்தைப் பிடிப்பவரை வீழ்த்த ஆள் வேண்டும். அதைச் செய்யாத ரிசீவர் ஆயிரம் பந்து பிடித்தாலும் இடம் கஷ்டம். அப்புறம் ப்ளேபுக், அதாவது ஆட்டத் திட்டங்களின் புத்தகம். ஒரே ரிசீவர் தனக்கான மூன்று இடத்திலும் நிற்கத் தெரிந்திருக்க வேண்டும். ப்ளே தொடங்குமுன் பக்கத்து ஆள் கை காட்டி இடம் சொல்லித் தருகிறார் என்றால் ராத்திரி படிப்பு போதவில்லை என்று அர்த்தம்.

சின்சினாட்டி ரசிகை:

இர்வைன் சார், அவர் இதையெல்லாம் கேட்கவே இல்லையே. பிள்ளை கேட்ட கேள்விக்குப் பதில் தெரியவில்லை என்றுதான் எழுதினார்.

எட்ஜ்வுட் சார், நீங்கள் சொன்ன அவகாசம் பற்றி ராத்திரி யோசித்தேன். சரிதான். சேஸுக்குச் சறுக்க இடம் இருந்தது. நான் அதைச் சேர்த்துப் பார்க்கவில்லை.

ஆப்பிள்டன் அப்பா:

எல்லோருக்கும் நன்றி. இர்வைன் சார், பன்ட் டீம் பற்றி நீங்கள் எழுதியது உண்மையிலேயே உதவியது. அன்றைக்கு மற்றவர்கள் பன்ட் பயிற்சியில் நின்றபோது அவர் ஓரத்தில் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு நின்றார். அப்போது நான் அதை ஓய்வு என்று நினைத்துக்கொண்டேன்.

நேற்று இரவு இங்கே வந்த பதில்களை மகளுக்குப் படித்துக் காட்டினேன், மலைப்பாதைப் பையன் உட்பட. சைக்கிள் அவளுக்குச் சின்னதாகிவிட்டது, கராஜில் நிற்கிறது. ஹேண்டில்பார் அருகே அவர் முழங்கால் பட்டுப் பட்டுப் பெயின்ட் உரிந்த இடம் இருக்கிறது. விற்கலாம் என்றால் விட மாட்டேன் என்கிறாள்.

முதல் பதிவில் எழுத மறந்த ஒன்று. அந்த வருடம் நவம்பரில் வேறொரு அணி அவரை பிராக்டிஸ் ஸ்குவாடில் (பயிற்சிக்கு வைத்திருக்கும் கூடுதல் ஆட்கள்) சேர்த்ததாக ஒரு வரிச் செய்தி பார்த்தேன். மகளிடம் காட்டினேன். எந்த ஊர் என்று கேட்டாள், சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அந்த ஊர்ல சைக்கிள் தருவாங்களாப்பா?" என்றாள்.