படிக்கட்டுக்குக் கீழே ஒரு பாயிண்ட்

குழு: முனியம்மா பாட்டி வீடு, அல்சூர்
நவம்பர் 8, 2025, சனி

காலை 7:42

நான்: எல்லாருக்கும் வணக்கம். நேற்று ராத்திரி பொம்மனஹள்ளி கிட்ட வண்டி நின்றுவிட்டது. சில்க் போர்டு வரைக்கும் தள்ளிக்கொண்டே வந்தேன். இன்ஜினை இறக்கணும், 18,000 ஆகும் என்கிறார் மணி மாமா. 12 வருஷ வண்டிக்கு இவ்வளவு போடுவதற்குப் பதில் எலெக்ட்ரிக் பைக் ஒன்று வாங்கிவிடலாம் என்று பார்க்கிறேன். என்ன சொல்கிறீர்கள்?

அம்மா: 12 மணிக்கு வந்தது இதனால்தானா. தலை துவட்டினாயா இல்லையா

ராணி அத்தை: [வீடியோ, பல முறை பகிரப்பட்டது]

ராணி அத்தை: இதைப் பார்த்துவிட்டு முடிவு பண்ணு கண்ணு. நடுரோட்டில் எரிகிறது

தீபா: அத்தை அது பேட்டரி வண்டியே இல்லை. சைலன்சர் தெரிகிறது பாருங்க

ராணி அத்தை: எரிகிறதா இல்லையா

தீபா: எரிகிறது 🙏

அப்பா: வேண்டாம்.

நான்: எது வேண்டாம்ப்பா? ரிப்பேரா, புது வண்டியா?

அப்பா: இரண்டும். மெட்ரோ விட்டாச்சு.

நான்: அல்சூரில் ஏறி மெஜஸ்டிக்கில் மாறி, ஆர்.வி. ரோட்டில் இன்னொரு தடவை மாறி, எலெக்ட்ரானிக் சிட்டியில் இறங்கி ஆபீஸுக்கு ஆட்டோ. மஞ்சள் லைன் ஆகஸ்டில் விட்டதும் ஒரு வாரம் போய்ப் பார்த்தேன். மழை நாளுக்குச் சரி. ஷிப்ட் முடிந்து வரும்போது கடைசி ரயில் போயிருக்கும்.

சித்தப்பா: கார்த்தி, பொறு. நான் விளக்கமாக எழுதுகிறேன்.

தீபா: அப்பா வேண்டாம்

செல்வி அக்கா: யாராவது சித்தப்பா போனைப் பிடுங்குங்க

காலை 8:20

சித்தப்பா: முதலில் யூனிட் என்றால் என்ன என்று தெரியணும். நம் வீட்டு கீசர் 2000 வாட். அது அரை மணி நேரம் எரிந்தால் ஒரு யூனிட். நீ பார்க்கிற வண்டியில் 4.4 கிலோவாட் அவர் பேட்டரி என்றால் அதற்குள் 4.4 யூனிட் அடங்கும். சார்ஜர் சூடாவதில் கொஞ்சம் வீணாகும், அதனால் மீட்டரில் 5 என்று வை. அதாவது கீசர் இரண்டரை மணி நேரம் எரிவதும் உன் வண்டி ஒரு தடவை நிரம்புவதும் ஒன்று. ஐ.டி.ஐ. டெலிபோன் ஃபேக்டரியில் 31 வருஷம் எலெக்ட்ரிக்கல் செக்‌ஷனில் இருந்தவன் சொல்கிறேன். கம்பெனி விளம்பரத்தில் போடும் கிலோமீட்டர் சோதனைச் சாலையில் எடுத்தது. நம் சாலையில் அதில் மூன்றில் இரண்டு பங்கு வந்தால் கும்பிட்டுக்கொள். 110 என்று வைத்துக்கொள்வோம். உனக்குப் போக வர 44. மாதம் 24 நாள் போனால் 1,056 கிலோமீட்டர். அதற்கு 48 யூனிட். எல்லா வரியும் சேர்த்து யூனிட் 7 ரூபாய் என்றாலும் 340 தாண்டாது. இப்போது பெட்ரோலுக்கு எவ்வளவு போகிறது?

நான்: மாதம் 2,400. லிட்டர் 102க்கு மேல், டிராஃபிக்கில் 45தான் கிடைக்கிறது.

சித்தப்பா: பார்த்தாயா. வருஷத்துக்கு 25,000 மிச்சம்.

அம்மா: கீசரை அரை மணி நேரம் போடுவது யார் என்று முதலில் கேளுங்க

தீபா: 👀 கார்த்தி அண்ணா

மணி மாமா: மாப்பிள்ளை, என் பிழைப்பில் மண்ணு போடுகிற பேச்சு. ஆனாலும் நியாயத்தைச் சொல்றேன். செயின் தவிர எண்ணெய் காட்ட வேண்டியது எதுவும் அதில் இல்லை. ஆயில் இல்லை, க்ளட்ச் இல்லை, ப்ளக் இல்லை. ஆனால் ஒன்று. நம் ஸ்ரீராம்புரம் கஸ்டமர் ஒருத்தர் ஸ்கூட்டர் (கம்பெனி பெயர் வேண்டாம்) டிஸ்பிளே போய் 40 நாள் நின்றது. பார்ட் வரவில்லை. என்னால் திறக்கவும் முடியாது, லேப்டாப் இருந்தால்தான் அது பேசும். வண்டியைப் பார்க்காதே, சர்வீஸ் சென்டர் எத்தனை கிலோமீட்டர் என்று பார்.

மணி மாமா: இன்னொன்று. செப்டம்பர் 22க்கு அப்புறம் 350 சிசி வரைக்கும் பெட்ரோல் பைக்குக்கு ஜிஎஸ்டி 28இல் இருந்து 18க்கு வந்தாச்சு. எலெக்ட்ரிக்குக்கு எப்போதும் போல 5. முன்னே இருந்த அளவு வித்தியாசம் இப்போது இல்லை.

சித்தப்பா: மானியத்தையும் சொல்லுப்பா. 2021இல் ஒரு கிலோவாட் அவருக்கு 15,000 கொடுத்தார்கள். 2023 ஜூனில் 10,000 ஆக்கினார்கள். போன வருஷம் 5,000, இப்போது 2,500. தள்ளிப்போடப் போட நஷ்டம். 2021லேயே சொன்னேன்.

ராணி அத்தை: 2021இல் அவனுக்கு வேலையே இல்லை

அப்பா: நீ 2009லும் சொன்னாய்.

(கொஞ்ச நேரம் யாரும் எழுதவில்லை.)

செல்வி அக்கா: அப்பா ஆரம்பிச்சாச்சு

தீபா: எனக்குத் தெரியாத கதையா?

அம்மா: உனக்குத் தெரியும். நீதான் உங்க அப்பா வாங்கின பேட்டரி ஸ்கூட்டரில் ஏறி டொம்லூர் மேம்பாலத்தில் இறங்கி நடந்தவள்

தீபா: 😭😭 ஸ்கூல் பேகோட

சித்தப்பா: அது 250 வாட் வண்டி. லைசென்ஸ் வேண்டாம், நம்பர் வேண்டாம், 25க்கு மேல் போகாது. ஈய பேட்டரி. இன்றைக்கு வருவது லித்தியம். அதிலும் எல்.எஃப்.பி. என்று ஒரு வகை, கனம் கூடுதல், ஆனால் சுலபத்தில் சூடாகித் தீப்பிடிக்காது. நம்ம பெங்களூரு கம்பெனி ஓபென் அதைத்தான் போடுகிறது. 2022 கோடையில் நாலைந்து வண்டி எரிந்த பிறகுதான் அரசாங்கம் ஏ.ஐ.எஸ். 156 என்ற பேட்டரி பாதுகாப்பு விதியை இறுக்கியது. இரண்டையும் ஒன்றாகப் பேசக் கூடாது.

அப்பா: அந்த ஸ்கூட்டருக்காக என் ஆர்எக்ஸ் 100 பைக்கை விற்றுக் கொடுத்தது 22,000. 1993 மாடல். இன்றைக்கு என்ன விலை என்று மணியைக் கேள்.

மணி மாமா: மாமா என்னை இழுக்காதீங்க

பெரியப்பா: 👍

தீபா: பெரியப்பா எதற்கு 👍

அம்மா: விரல் பட்டிருக்கும்

காலை 9:05

செல்வி அக்கா: நடுவில் ஒரு விஷயம். 30ஆம் தேதி பாப்பாவுக்குக் காதுகுத்து. காவேரிப்பட்டினம் கோயிலில் காலை 9க்குள் இருக்கணும். யார் யார் எதில் வருகிறீர்கள் என்று இன்றைக்கே சொன்னால் ஹோசூரில் இருந்து வேன் பேசுவேன். கார்த்தி, உன் மடியில்தான் உட்காரணும், ஞாபகம் இருக்கா

நான்: இருக்குக்கா

அம்மா: தோடு?

நான்: அதைத்தான் சொல்ல வந்தேன். கையில் இருக்கிறது 60,000. வண்டிக்கு முன்பணம் 40,000.

ராணி அத்தை: கிராம் 11,000ஐத் தாண்டியாச்சு கண்ணு. அரை சவரன் தோடுக்கு செய்கூலியோட 50,000 வந்துவிடும்

செல்வி அக்கா: நான் கேட்கவே இல்லை. 2 கிராம் போதும். என் மாமியார்தான் தாய்மாமன் என்ன செய்கிறார் என்று இரண்டு தடவை கேட்டாங்க

அம்மா: இரண்டு தடவை கேட்டார்களா

செல்வி அக்கா: அம்மா விடு

அப்பா: தோடு நான் போடுகிறேன்.

அம்மா: தாய்மாமன் போடணும். நீங்க தாத்தா

ராணி அத்தை: கார்த்தி பைக்கிலேயே வந்துவிடேன். இங்கே 100 கிலோமீட்டர்தானே

நான்: வரலாம் அத்தை. வந்து சேரும்போது பேட்டரி தரை தட்டியிருக்கும். திரும்ப நிரம்ப நாலு மணி நேரம்.

ராணி அத்தை: நல்லதுதானே. இங்கே இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம், போட்டுக்கோ. நாலு மணி நேரம் இருந்தால் சாப்பிட்டுவிட்டுத்தானே போவாய். உங்க அப்பா மாதிரி வாசலிலேயே நின்று திரும்ப மாட்டாய்

அப்பா: அன்றைக்கு டாக்ஸிக்காரர் வெயிட்டிங்கில் இருந்தார்.

ராணி அத்தை: ஆமாம் மூன்று வருஷமா இருக்கார்

அம்மா இந்தச் செய்தியை நீக்கிவிட்டார்.

செல்வி அக்கா: அம்மா என்ன எழுதினே

அம்மா: ஒன்றும் இல்லை. பால் பொங்கிவிட்டது

காலை 9:48

நான்: சரி, உண்மையான பிரச்சினையைச் சொல்கிறேன். வண்டியை எங்கே சார்ஜ் போடுவது? நாம் இருப்பது இரண்டாவது மாடி. சில வண்டியில் பேட்டரியைக் கழற்றி மேலே கொண்டுவரலாம், ரிவோல்ட் ஆர்வி400 அப்படித்தான். ஆனால் ஒரு சிறு அரிசி மூட்டை கனம், தினமும் 38 படி. கழற்ற முடியாத வண்டி என்றால் படிக்கட்டுக்குக் கீழே ஒரு 15 ஆம்ப் பாயிண்ட் வேண்டும், நல்ல எர்த்தோட. அங்கே இருக்கிற லைட் பெரியப்பா மீட்டரில் ஓடுகிறது.

அம்மா: பெரியப்பாவிடம் கேட்டாயா

நான்: இங்கேதானே கேட்கிறேன். பெரியப்பா?

சித்தப்பா: அண்ணன் மீட்டரில் போடக் கூடாது. கிருஹ ஜோதி இலவச கரண்ட் என்ன ஆகும்? 2022–23 சராசரியோட 10 சதவீதம் கூட்டி அந்த அளவுக்குத்தான் இலவசம். அண்ணனுக்கு 132 யூனிட். அதற்கு மேல் போனால் கூடுதலுக்குக் கட்டணும், 200ஐத் தாண்டினால் முழு பில்லும் நாமே கட்டணும். அவருக்கு இப்போதே 125 ஓடுகிறது. உன் 48 சேர்ந்தால் 173. அதுகூடப் பரவாயில்லை. பொங்கலுக்கு ராணி வீட்டு ஆட்கள் பத்து நாள் வந்தால் அவருக்கே 160. அப்போது 208.

ராணி அத்தை: நாங்கள் வந்தால் கரண்ட் ஏறுகிறதா

சித்தப்பா: கணக்குக்குச் சொன்னேன்

ராணி அத்தை: இந்தப் பொங்கலுக்கு வரவில்லை. 8 யூனிட் மிச்சம்

செல்வி அக்கா: சித்தப்பா 🤦

அப்பா: நம் மீட்டரில் இருந்து இழு. மீட்டர் போர்டு கீழேதான் இருக்கிறது. 12 அடி ஒயர்.

நான்: அப்பா, வேண்டாம் என்றீர்களே?

அப்பா: வேண்டாம்தான். இழுத்தால் அப்படி இழு என்கிறேன்.

சித்தப்பா: ஆள் வைக்காதே. நானே செய்து தருகிறேன். 4 ஸ்கொயர் எம்எம் ஒயர், தனி எம்சிபி (லோடு கூடினால் தானே அணையும் சுவிட்ச்), எர்த் லீக்கேஜுக்கு ஒன்று. ஞாயிறு ஒரு நாள் போதும்.

அம்மா: தம்பி, காலிங் பெல் நீங்கதான் போட்டீங்க

தீபா: அதை அழுத்த கூரியர்காரர் பேனா எடுக்கிறார்

சித்தப்பா: அது மழைத்தண்ணீர் இறங்கியதால் வந்தது.

நான்: மழைத்தண்ணீர் அங்கேயும் வருமே சித்தப்பா. போன மாதம் வாசலில் கணுக்கால் அளவு நின்றது.

சித்தப்பா: ஐ.பி. 67 என்று போட்டிருக்கிற பேட்டரி ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும். பாயிண்டை மூன்றடி உயரத்தில் வைத்தால் போச்சு.

நான்: வைக்கலாம். ஆனால் இடம் எங்கே? படிக்கட்டுக்குக் கீழே இருப்பது உங்க ஸ்கூட்டர்.

தீபா: 🔥

மணி மாமா: அதில் இப்போது என்ன இருக்கிறது

அம்மா: ஹாண்டில்பாரில் துடைப்பம். சீட்டில் புதினாத் தொட்டி. முன்கூடையில் கார்த்திகை அகல்விளக்கு

மணி மாமா: இரும்புக் கடைக்குப் போட்டால் ஏதோ தேறும். ஆள் அனுப்பவா

சித்தப்பா: எதற்கு அவசரம். மோட்டார் நல்ல மோட்டார். நாலு பேட்டரி மாற்றினால் இன்றைக்கும் ஓடும். ஹாரன் அடிக்கும்.

அப்பா: பேட்டரி இல்லாமல் எப்படி அடிக்கும்?

சித்தப்பா: 12 வோல்ட் கொடுத்து நான் அடித்துப் பார்த்திருக்கிறேன்.

செல்வி அக்கா: எப்போ

சித்தப்பா: ஆயுதபூஜைக்கு.

அம்மா: வருஷா வருஷம் பொட்டு வைக்கிறாரே, அதுவா

காலை 10:31

பெரியப்பா: [குரல் பதிவு, 0:11]

தீபா: பெரியப்பா பேசினது பாதிதான் கேட்கிறது. மிக்ஸி ஓடுகிறது

நான்: “பாயிண்ட் போடு, ஆனால் அம்மா...” அப்புறம் என்ன?

செல்வி அக்கா: “அம்மா படத்துக்கு லைட்” என்று எனக்குக் கேட்டது

ராணி அத்தை: “அம்மா இருந்தால் விற்க விடமாட்டாள்” என்கிறார். எங்க அம்மாதானே அந்த வண்டிக்கு முதல் எலுமிச்சம்பழம் வைத்தாள்

சித்தப்பா: அதேதான்.

அப்பா: அப்படி ஒன்றும் சொல்லவில்லை. கீழே போய்க் கேட்டுவிட்டு வருகிறேன்.

நான்: நாளைக்கு 11 மணிக்கு இந்திரா நகரில் டெஸ்ட் ரைடு போட்டிருக்கிறேன். வாங்குவதாக இல்லை, ஓட்டிப் பார்க்க. யாராவது வருகிறீர்களா?

சித்தப்பா: நான் வருகிறேன். மல்டிமீட்டர் கொண்டுவருகிறேன்.

நான்: மல்டிமீட்டர் வேண்டாம் சித்தப்பா

மணி மாமா: நானும் வரேன். மேட்டில் இரண்டு ஆளோட ஏற்றிப் பார்க்கணும். டொம்லூர் பக்கம் போகலாம்

தீபா: நான் பின்னால் உட்கார மாட்டேன்

செல்வி அக்கா: வேனுக்கு எண்ணிக்கை இன்னும் யாரும் சொல்லவில்லை

ராணி அத்தை: நாங்கள் இங்கேயேதான் இருக்கிறோம். சமையலுக்கு எத்தனை பேர் சொல்லு

அப்பா: அண்ணன் “பார்க்கலாம்” என்கிறார்.

நான்: எதைப்பா? ஸ்கூட்டரையா, பாயிண்டையா?

அப்பா: கேட்கவில்லை. மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது.

அம்மா: கீழே இருக்கிறீர்களே, அந்தத் தொட்டியில் இருந்து நாலு புதினா கிள்ளிக்கொண்டு வாங்க