மொன்றியலில் 'வெய்யே' ஆட்ட இரவுக்குப் போகலாமா?

கேள்வி: பிரெஞ்சு வகுப்பில் எல்லாரையும் 'வெய்யே'வுக்குக் கூப்பிடுகிறார்கள். கியூபெக் நாட்டார் இசையும் ஆட்டமுமாம். எனக்கு ஆடத் தெரியாது, சோடியும் இல்லை. போய் என்ன செய்வது?

பதில் 1: தாராளமாகப் போங்கோ. சோடி அங்கேயே கிடைக்கும். 'கால்லேர்' என்றொருவர் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன் படிகளைக் காட்டித் தருவார், பிறகு பாட்டோடு பாட்டாக அறிவிப்பார். பெரும்பாலும் நாலு சோடி சதுரமாக நிற்பது. குளிர்காலச் சப்பாத்தோடு ஆட வேண்டாம். வழுவழுப்பான அடியுள்ள வேறு சப்பாத்தைப் பையில் கொண்டு போங்கோ. ரப்பர் அடி தரையில் பிடித்துக்கொள்ளும், சுழலும்போது முழங்கால் பிசகும். தலை சுற்றினால் தரையைப் பார்க்காமல் எதிரில் நிற்பவரின் முகத்தைப் பாருங்கோ. கைகோத்து ஆட விருப்பமில்லையா, உட்கார்ந்து கேளுங்கோ, ஒருவரும் குறை சொல்லமாட்டார்.

பதில் 2: கேட்பதென்றால் முதலில் காலைக் கவனியுங்கோ. வயலின்காரர் கதிரையில் இருந்தபடியே இரண்டு காலாலும் பலகையில் தாளம் தட்டுவார். ரீல் என்ற வேகமான ஆட்ட மெட்டென்றால் தட்டு ஒரு நெடில், இரண்டு குறில். 1976இல் ஜோலியெட் நகரில் தொடங்கிய லா பொத்தீன் சூரியான்ட், 2002இல் தொடங்கிய லு வான் டு நோர் ஆகிய இரண்டு இசைக்குழுக்களிலும் இது தெளிவாகக் கேட்கும்.

இப்படித் தட்டப் பழகுவதானால் கைப்பிடி இல்லாத கதிரையின் விளிம்பில் இருங்கோ. வேலை கணுக்காலுக்குத்தான். தொடையைத் தூக்கித் தட்டினால் சீக்கிரம் களைக்கும், தாளத்தின் வேகமும் கூடிப்போகும். அடுக்குமாடியில் வெறும் தரையில் தட்டவே வேண்டாம், கீழ்வீட்டார் வந்துவிடுவார்! பலகைக்கடியில் தடித்த ரப்பர் விரிப்புப் போட்டு, காலுறையோடு தட்டுங்கோ.

பதில் 3: பிரெஞ்சுக்கு உதவுவது 'ஷான்சோன் ஆ ரெப்போந்தர்'. ஒருவர் வரியைப் பாட, கூட்டம் அதையே திருப்பிப் பாடும். பல பாட்டுகளில் ஒரு கண்ணியின் கடைசி வரி அடுத்ததன் முதல் வரியாக வரும். ஆகவே முதல் தரம் தவறவிட்டாலும் மறுதரம் காதில் விழும். ஒன்று மட்டும்: 'நான்', 'என்னை' என்று பொருள்படும் 'முவா'வைப் பாட்டில் 'முவே' என்பார்கள். அதைச் சோதனையில் சொல்லாதேயுங்கோ.

பதில் 4: பிள்ளை கர்நாடக வயலின் படித்தால் கூட்டிப் போங்கோ. ஆனால் ஆதி தாளத்தை எண்ணிக்கொண்டு கேட்டால் தடுமாறும். பழைய மெட்டுகள் சிலவற்றில் ஒரு அடி கூடும், அல்லது குறையும். அதை வாசிப்பவரின் பிழை என்று நினைக்கவேண்டாம், மெட்டே அப்படித்தான். சுருதி சேர்ப்பதும் வேறு, வீட்டு வயலினை அதற்கேற்ப முறுக்கித் தந்தியை அறுக்காதேயுங்கோ. ஜூலைக் கடைசியில் ஜோலியெட் பக்கம் 'மெமுவார் எ ரசீன்' விழா நடக்கும், காரில் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். பிள்ளைகளோடு போக அது வசதி.