200 ரூபாய் பெட்டி கேஸ், பையனுக்கு வயது 16: எந்த கோர்ட்?

கேள்வி
பேருந்து நிலையத்தில் சிகரெட் பிடித்த 16 வயது மாணவன் சிக்கினால், கோட்பா எனும் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி அபராதம் அதிகபட்சம் 200 ரூபாய். மாஜிஸ்திரேட் கோர்ட்டில் ஒப்புக்கொண்டு கட்டினால் முடிந்ததா? இதற்கெல்லாம் இளைஞர் நீதிக் குழுமமா?

பதில் 1
18 நிரம்பாதவர் என்றால் குழுமம்தான், தொகை எவ்வளவானாலும். 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 1(4) பிரிவு மற்ற சட்டங்களை மீறி நிற்கிறது. குழுமத்தில் ஒரு மாஜிஸ்திரேட், இரண்டு சமூகப் பணியாளர்கள். அவர்களில் ஒருவராவது பெண். இது சிறு குற்றம், பெரியவர் யாரும் கூட்டு இல்லை என்றால் எஃப்.ஐ.ஆர் கிடையாது. ஸ்டேஷன் பொது நாட்குறிப்பில் பதிந்து, படிவம் 1-இல் சமூகப் பின்னணி அறிக்கை எழுதுவார்கள். லாக்கப் கூடவே கூடாது.

தவறுதலாக மாஜிஸ்திரேட் முன் நிறுத்திவிட்டால், சிறுவன் என்று தெரிந்ததும் அவர் 9-வது பிரிவுப்படி அதைப் பதிவுசெய்து குழுமத்துக்கு அனுப்ப வேண்டும்.

பதில் 2
சிக்கல் தொடங்குவதே அபராத ரசீதுப் புத்தகத்தில்தான். வயதைக் கேட்காமல் 200 ரூபாய்க்குக் கிழித்துக் கொடுத்துவிடுகிறார்கள். வயதை உறுதிசெய்ய இளைஞர் நீதிச் சட்டத்தின் 94-வது பிரிவில் முதலில் வருவது பள்ளியின் பிறந்த தேதிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ். அடுத்து உள்ளாட்சியின் பிறப்புச் சான்று. இரண்டும் இல்லாவிட்டால்தான் எலும்புப் பரிசோதனை. ஆதார் அந்த வரிசையிலேயே இல்லை.

மாஜிஸ்திரேட்டிடம் ஒப்புக்கொண்டால் அது தண்டனைத் தீர்ப்பு. குழுமத்தில் முடிந்தால் இளைஞர் நீதிச் சட்டத்தின் 24-வது பிரிவுப்படி பின்னாளில் எந்தத் தகுதியிழப்பும் வராது.

பதில் 3
சட்டம் சரி. ஆனால் அடிதடி, திருட்டு வழக்குப் பையன்களோடு இவனையும் உட்காரவைப்பதில் என்ன லாபம்? விசாரணைக்கு 4 மாதம், நீட்டித்தால் இன்னும் 2. அதற்குள் முடியாவிட்டால் சிறு குற்ற நடவடிக்கை 14(4)-இன்படி தானே முடிந்துபோகும். கோர்ட் வாசலுக்கே போகாமல் தீர்ப்பதை 3-வது பிரிவு ஊக்குவிக்கிறது. எச்சரித்துப் பெற்றோரிடம் ஒப்படைப்பதே மேல்.

கேள்வி கேட்டவர்
அவன் சிகரெட் வாங்கியது தனிக் குற்றமா?

பதில் 1
இல்லை, கோட்பா பிடிப்பது விற்றவரை. 18 வயதுக்குக் கீழானவருக்கு விற்றால் கோட்பாவின் 24-வது பிரிவில் 200 ரூபாய் வரை அபராதம், அவ்வளவுதான். ஆனால் சிறுவர் கையில் புகையிலையைக் கொடுப்பவருக்கு இளைஞர் நீதிச் சட்டம் 77-இல் 7 ஆண்டு வரை கடுங்காவல், 1 லட்சம் வரை அபராதம். அதை விசாரிப்பது குழுமமல்ல, குழந்தைகள் நீதிமன்றம். 2021 திருத்தத்துக்குப் பிறகு போலீஸ் இதில் நேரடியாக எஃப்.ஐ.ஆர் போட முடியாது, மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டும். பல புகார்கள் அங்கேயே நின்றுவிடுகின்றன.