ஹீட்டரைக் கூட்டாமல் குளிர்காலத்தை ஓட்டுபவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

லீட்ஸ்வாசி:

2021 அக்டோபரில் பிரிட்டனில் ஒரு சராசரி வீட்டுக்கான கேஸ், கரண்ட் கட்டண உச்சவரம்பு ஆண்டுக்கு 1,277 பவுண்டு. அடுத்த அக்டோபரில் அரசாங்கமே தலையிட்டு விலையைப் பிடித்து நிறுத்திய பிறகும் அது 2,500 பவுண்டு. எல்லார் வீட்டுக்கும் 400 பவுண்டு தள்ளுபடி கிடைத்தது, ஆனாலும் பில்லைப் பார்க்கவே பயமாக இருந்தது. அந்தக் குளிர்காலத்தில்தான், வீட்டுக்கு எத்தனை டிகிரி சூடு என்று அமைக்கும் தெர்மோஸ்டாட்டைத் தொடாமல் வீட்டில் கதகதப்பாக இருப்பது எப்படி என்று நாங்கள் உட்கார்ந்து யோசித்தோம். அப்புறம் விலை கொஞ்சம் இறங்கியது. ஆனால் அப்போது பழகியவற்றில் பாதியை இன்னும் விடவில்லை.

எங்களுடையது நூறு வருடத்துக்கு மேற்பட்ட செங்கல் வரிசை வீடு. பிற்காலத்து வீடுகளில் வெளிச்சுவர் இரண்டு அடுக்காக இருக்கும், பல வீடுகளில் அந்த நடு இடைவெளியில் குளிர் தடுக்கும் பஞ்சு அடைத்திருப்பார்கள். எங்கள் வீட்டில் ஒரே கட்டிச் சுவர்தான். தரை மரப்பலகை. பலகை உளுக்காமல் இருக்க அதற்கு அடியில் வெற்றிடம் விட்டு, வெளிச்சுவரில் காற்றுத் துளைகள் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். ஆக, நம் காலுக்குக் கீழே ஜனவரி மாதத்து வெளிக்காற்று ஓடிக்கொண்டிருக்கிறது.

எங்கெங்கே காற்று நுழைகிறது என்று கண்டுபிடிக்க ஊதுபத்தியைவிட நல்ல கருவி எனக்குக் கிடைக்கவில்லை. பலமாகக் காற்று வீசும் நாளாகப் பார்த்து, ஜன்னல் கதவெல்லாம் சாத்திவிட்டு, ஒரு பத்தியைக் கொளுத்திக்கொண்டு வீடு முழுக்க மெதுவாக நடந்தேன். திரைச்சீலைக்குப் பக்கத்தில் மட்டும் கவனம் வேண்டும். புகை நேராக மேலே போனால் அந்த இடம் சரி. சாய்ந்தாலோ கலைந்தாலோ அங்கே சந்து இருக்கிறது. முன்கதவில் கடிதம் போடும் துளை, சாவித்துவாரம், தரையும் சுவரும் சேரும் விளிம்புப் பலகை, பரணுக்கு ஏறும் மூடி என்று ஒவ்வொன்றாகச் சிக்கின. எல்லாவற்றிலும் மோசம், வருடக்கணக்கில் யாரும் பற்றவைக்காத கணப்புக் குழி. அதன் புகைபோக்கி கூரை வரை திறந்தே கிடந்தது. அறையில் நாம் காசு கொடுத்துச் சூடாக்கிய காற்று அதன் வழியாக மேலே ஏறிப்போகிறது. அந்த இடத்தை நிரப்பக் குளிர்காற்று கதவடியில் நுழைகிறது.

புகைபோக்கிக்குள் கெட்டியான ஆட்டு ரோம அடைப்பு ஒன்றைச் செருகினோம். அதிலிருந்து ஒரு சிவப்பு ரிப்பனைக் கீழே தொங்க விட்டிருக்கிறோம், உள்ளே அடைப்பு இருப்பது தெரியாமல் யாரும் நெருப்பு மூட்டிவிடக் கூடாது. கடிதத் துளைக்கு பிரஷ் வைத்த மூடி, கதவு விளிம்புக்கு ஒட்டும் நுரை டேப். கதவடிக்கு, பழைய பருத்திச் சேலையை நீளமாகத் தைத்துக் கிழிந்த துணிகளை அடைத்த ஒரு உருளை. ஜன்னலுக்குத் தடித்த உள்துணி வைத்த திரை வாங்கி, பொழுது சாயும்போதே மூடிவிடுகிறோம். ஜன்னலுக்குக் கீழே, சுடுதண்ணீர் ஓடி அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் இருந்தால் திரையின் அடிப்பகுதியை அதன் மேலே விழ விடாமல் ஜன்னல் படியில் ஏற்றி வைக்க வேண்டும். இல்லையென்றால் சூடு முழுவதும் திரைக்கும் கண்ணாடிக்கும் நடுவில் போய்விடும்.

இன்னொன்று, அறையைவிட ஆளைச் சூடாக்குவது மலிவு. அன்றைக்கு கரண்ட் யூனிட் சுமார் 34 பென்ஸ். 2 கிலோவாட் விசிறி ஹீட்டர் ஒரு மணி நேரம் ஓடினால் 68 பென்ஸ். சோபாவில் போர்த்திக்கொள்ளும் 100 வாட் மின்போர்வைக்கு நாலு பென்ஸ்கூட ஆகவில்லை. ஆனால் கேஸை அணைத்துவிட்டு அறைக்கு அறை மின்ஹீட்டர் வைப்பது நஷ்டம். கேஸ் யூனிட் அப்போது 10 பென்ஸ்தான்.

உங்கள் வீடுகளில் எது உதவியது என்று எழுதுங்கள். முக்கியமாக, வீட்டில் வயதானவர்கள் இருப்பவர்கள்.

ஈஸ்ட்ஹாம் அக்கா:

தம்பி, கடைசியாக ஒரு வரியில் கேட்டுவிட்டுப் போனதைத்தான் நான் முதலில் எழுதுகிறேன். என் அம்மாவுக்கு 78 வயது. நீரிழிவும் இருக்கிறது. வயதானவர்களுக்குத் தங்கள் உடம்பு குளிர்ந்துகொண்டு போவது சரியாக விளங்குவதில்லை. "எனக்குக் குளிரேல்லைப் பிள்ளை" என்று அம்மா சொல்லுவா. தொட்டுப் பார்த்தால் விரலெல்லாம் சில்லிட்டிருக்கும். அதனால் அவவின் அறையில் ஒரு வெப்பமானியை மாட்டி, அதைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறேன். வீட்டுக்குள் 18 டிகிரிக்குக் குறையக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் சொன்னது. முதியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் நோயாளிகளுக்கும் அதைவிடக் கூடத் தேவைப்படலாம். அம்மாவின் அறையை 21இல் வைத்துவிட்டு, மற்ற அறைகளின் ரேடியேட்டர் வால்வுகளைத்தான் குறைக்கிறேன். பில்லை மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் அம்மாவின் அறை இல்லை.

சுடுதண்ணிப் போத்தலைப் பற்றி எங்கள் ஆட்கள் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம். ரப்பர் போத்தலின் மேல்பக்கத்தில் பூ மாதிரி ஒரு முத்திரை இருக்கும். நடுவில் உள்ள எண் செய்த வருடம், இதழ்கள் பன்னிரண்டும் மாதங்கள். செய்து இரண்டு வருடம் ஆனால் மாற்றிவிட வேண்டும், ரப்பர் இற்றுப் போகும். எங்கள் தெருவில் ஒரு அன்ரியின் பழைய போத்தல் படுக்கையிலேயே வெடித்துத் தொடை முழுக்க வெந்துபோனது. அவவைப் பார்த்து வந்த அன்றைக்கே எங்கள் வீட்டுப் போத்தல்களை எல்லாம் எடுத்து முத்திரையைப் பார்த்தேன். கொதிக்கிற தண்ணீர் ஊற்றக் கூடாது. மூன்றில் இரண்டு பங்குதான் நிரப்ப வேண்டும். காற்றை வெளியேற்றிவிட்டு மூடி, உறை போட்டு, படுக்கப் போவதற்கு அரை மணிக்கு முன் போர்வைக்குள் வைத்துவிட்டு, படுக்கும்போது எடுத்துவிடுவேன். நீரிழிவு உள்ளவர்களின் காலில் உணர்ச்சி குறைந்திருக்கலாம், சுடுவதே தெரியாமல் போகலாம். அம்மாவின் காலோடு போத்தலை இரவு முழுக்க விட எனக்கு மனம் வராது.

உடுப்பு விஷயத்தில் மெல்லிய துணி மூன்று அடுக்கு, ஒரு தடித்த ஸ்வெட்டரைவிட நல்லது. அடுக்குகளுக்கு நடுவில் நிற்கிற காற்றுதான் சூட்டைப் பிடித்து வைக்கிறது. அம்மா சேலையை விடமாட்டா. உள்ளே கம்பளி நூல் கலந்த நீளக் காற்சட்டை, கம்பளிக் காலுறை, காதை மூடுகிற தொப்பி. மணிக்கு ஒரு தடவை எழுந்து கூடத்துக்கு வந்து மல்லிக் கோப்பி குடித்துவிட்டுப் போக வேண்டும் என்பது எங்கள் வீட்டு ஒழுங்கு. ஒரே கதிரையில் இருந்தால் என்ன போர்த்தினாலும் குளிரும்.

ஹம்_ஜெர்மனி:

நான் ஹம் நகரத்தில் இருக்கிறேன், காமாட்சி அம்மன் கோயில் இருக்கும் ஊர். 2022இல் இங்கேயும் இதே நிலைமை. செப்டம்பரில் அரசு அலுவலக அறைகளில் 19 டிகிரிக்கு மேல் சூடாக்கக் கூடாது என்று சட்டமே போட்டார்கள்.

லீட்ஸ்வாசி எழுதியதோடு எனக்கு ஒரு இடத்தில் ஒத்துப்போகவில்லை. சந்துகளை அடைப்பது சரி. அடைத்த பிறகு உள்ளே சேரும் ஈரம் எங்கே போகும்? நம் சமையல் ஆவி கொஞ்சமா? சோறு, இட்லி, ரசம், அதோடு அறைக்குள்ளேயே துணி காயப்போடுவது. சூடான காற்று நிறைய ஈரத்தைத் தாங்கும். அது குளிர்ந்த சுவர் மூலையைத் தொட்டதும் ஈரம் நீராக இறங்கிவிடும். பிறகு கரும்பூஞ்சைதான். நாங்கள் குடிவந்த வீட்டில் முன்பு இருந்தவர்கள் விட்டுப்போன அலமாரியை நகர்த்தினோம். பின்சுவர் தரையிலிருந்து இடுப்பு உயரம் வரை கறுத்துக் கிடந்தது. என் சின்ன மகனுக்கு மூச்சிளைப்பு உண்டு. அந்தச் சுவர் சரியாகும் வரை அவனை அந்த அறையில் படுக்கவிடவில்லை.

இங்கே உள்ளவர்கள் செய்வதையே நாங்களும் செய்கிறோம். காலையிலும் மாலையிலும் ரேடியேட்டரை அணைத்துவிட்டு, எதிரெதிர் ஜன்னல்களை அகலத் திறந்து ஐந்து நிமிடம், அதிகம் போனால் பத்து. ஈரக்காற்று போய்விடும். சுவரும் சாமான்களும் அதற்குள் குளிராது, அவற்றின் சூடே புதுக்காற்றைச் சீக்கிரம் சூடாக்கிவிடும். ஜன்னலை மேலே கொஞ்சம் சாய்த்து நாள் முழுக்க விடுவதுதான் கெடுதல், சுவரே சில்லிட்டுப்போகும். ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று பத்து யூரோவுக்கு வாங்கலாம். 40 சதவீதத்துக்கும் 60 சதவீதத்துக்கும் நடுவில் இருந்தால் நிம்மதி. அலமாரியை வெளிச்சுவரிலிருந்து ஒரு கை அளவு தள்ளிப் போடுங்கள். சூடாக்காத படுக்கையறையின் கதவைச் சாத்தியே வையுங்கள். கூடத்துச் சூட்டில் கொஞ்சம் அங்கேயும் போகட்டும் என்று திறந்துவிட்டால் சூட்டைவிட ஈரம்தான் போய்ச் சேரும்.

இன்னொரு நல்ல பொருள், செர்ரிக் கொட்டை நிரப்பிய துணித் தலையணை. மைக்ரோவேவில் ஒன்றிரண்டு நிமிடம் வைத்து எடுத்தால் கழுத்துக்கும் வயிற்றுக்கும் வெகுநேரம் இதமாக இருக்கும். தண்ணீர் கொட்டும் பயம் இல்லை. ஈஸ்ட்ஹாம் அக்கா, உங்கள் அம்மாவுக்கும் இது உதவும், சூட்டை மட்டும் முதலில் உங்கள் கையில் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

ஈஸ்ட்ஹாம் அக்கா:

நன்றி தம்பி, வாங்குகிறேன். யன்னல் திறக்கிற நேரத்தில் அம்மாவை அடுத்த அறைக்குக் கூட்டிக்கொண்டு போய் இருத்திவிட்டால் சரி. நானும் குளியலறையில் அப்படித்தான் செய்கிறேன்.

கிளாஸ்கோ மாணவி:

எனக்கு வாடகை அறை. ஆணி அடிக்கவும் முடியாது, எதையும் மாற்றவும் முடியாது. ஜன்னல் ஒற்றைக் கண்ணாடி. பார்சலில் வரும் குமிழ் பிளாஸ்டிக்கை அளவாக வெட்டி, கண்ணாடியில் தண்ணீர் தெளித்து, குமிழ்ப் பக்கம் கண்ணாடியைப் பார்க்க ஒட்டினேன். பசை எதுவும் வேண்டாம், உரித்தால் தடம்கூட இருக்காது. வெளியே பார்க்க முடியாது, வெளிச்சம் வரும். படிக்கும்போது குளிர் காலிலிருந்துதான் ஏறுகிறது, அதனால் மேசைக்கு அடியில் தடித்த அட்டையும் அதன் மேல் கம்பளமும். படுக்கையில் மேலே போர்த்துவதோடு விடாமல் கீழேயும் ஒரு கம்பளி விரித்துப் பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும். பகலில் நூலகம். 2022 குளிரில் பல ஊர்களில் நூலகங்களைக் குளிருக்கு ஒதுங்கும் இடமாகவே திறந்து வைத்தார்கள். கூச்சப்படாமல் போய் உட்காருங்கள்.

குன்னூர்க்காரி:

எங்கள் நீலகிரியில் வீடுகளுக்கு ஹீட்டிங் என்று ஒன்று கிடையாது. டிசம்பர், ஜனவரியில் பள்ளத்தாக்குப் புல்வெளியெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடக்கும். எங்களுக்கு வெயில்தான் ஹீட்டர். பத்து மணிக்கு வெயில் ஏறியதும் தெற்கு ஜன்னல்களின் திரையை விலக்கிவிடுவோம், போர்வை, தலையணை எல்லாம் வெளியே காயும். நாலு மணிக்குள் அத்தனையும் உள்ளே வந்துவிடும், கதவு ஜன்னல் மூடிவிடும். அரை மணி தாமதித்தால் பகல் முழுக்கச் சேர்த்த சூடு போய்விடும்.

நான் எழுத வந்ததே வேறு ஒன்றுக்காக. தயவுசெய்து யாரும் கரி அடுப்பையோ பார்பிக்யூவையோ அறைக்குள் கொண்டுபோகாதீர்கள். மலைக்குச் சுற்றுலா வந்தவர்கள் குளிர் தாங்காமல் கரியை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தித் தூங்கி, காலையில் எழுந்திருக்காத செய்திகளை நாங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறோம். கரி கனன்றுகொண்டு இருக்கும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. புகை அடங்கிவிட்டதே என்று நம்பித்தான் உள்ளே எடுத்துப் போகிறார்கள். எங்கள் வீடுகளில் நெருப்பு காய்வது எப்போதும் வாசலில்தான்.

ஹாரோ கேஸ்காரர்:

நான் கேஸ் சேஃப் (பிரிட்டனில் கேஸ் வேலை செய்பவர்களுக்கான பதிவு) பதிவு பெற்று பாய்லர் வேலை செய்கிறேன். குன்னூர்க்காரி சொன்னதை இந்த ஊருக்கும் சேர்த்துப் படியுங்கள். கேஸ் கணப்பு உள்ள அறைச் சுவரில் காற்றுத் துளை இருந்தால் அது வேண்டுமென்றே வைத்தது. குளிர் வருகிறது என்று அதை டேப் போட்டு மூடிய வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். அதைப் பார்த்தால் எனக்கு வயிற்றைப் பிசையும். லீட்ஸ்வாசி சொல்கிற ஊதுபத்தி வேலையைத் தாராளமாகச் செய்யுங்கள், அந்தத் துளையை மட்டும் தொடாதீர்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று வாங்கி வையுங்கள். அது கத்தினால் கேஸை நிறுத்தி, ஜன்னலைத் திறந்து, எல்லோரும் வெளியே வந்து 0800 111 999க்கு அழையுங்கள்.

இனி, தெர்மோஸ்டாட்டைத் தொடாமல் மிச்சம் பிடிக்கும் வழி. நான் போகிற பெரும்பாலான வீடுகளில் பாய்லர், ரேடியேட்டருக்கு அனுப்பும் தண்ணீர் 75, 80 டிகிரியில் இருக்கும். பொருத்தியவர் வைத்துவிட்டுப் போனது, அதற்குப் பிறகு யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். 2005க்குப் பிறகு வந்த பாய்லர்கள் அநேகமாக எல்லாமே, போகும் புகையில் உள்ள நீராவியைக் குளிர்வித்து அதன் சூட்டையும் திரும்ப எடுக்கும் வகை. ரேடியேட்டரைச் சுற்றித் திரும்பி வரும் தண்ணீர் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் அந்த வேலை சரியாக நடக்கும். அனுப்பும் தண்ணீரே 80 என்றால் அது நடக்காது. காம்பி பாய்லர் (தொட்டி இல்லாமல் குழாய்த் தண்ணீரையும் உடனுக்குடன் சுடவைக்கும் வகை) என்றால் முன்பக்கத்தில் ரேடியேட்டர் படம் போட்ட குமிழையோ பட்டனையோ 60க்கு இறக்குங்கள். குழாய்ப் படம் போட்டது குளிக்கும் தண்ணீருக்கு, அது வேறு. சுடுதண்ணீர்த் தொட்டி உள்ள வீடாக இருந்தால் நீங்களாக இறக்க வேண்டாம். நுரையீரலைப் பாதிக்கும் லெஜியோனெல்லா கிருமி வளராமல் இருக்கத் தொட்டித் தண்ணீரை 60 டிகிரியில் வைக்க வேண்டும். உங்கள் பாய்லர் பார்க்கிறவரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

60இல் வைத்தால் ரேடியேட்டர் கை வைக்க முடியாத அளவுக்குச் சுடாது, அதைப் பார்த்துப் பழுது என்று நினைத்து எனக்கு போன் செய்கிறவர்கள் உண்டு. பழுது இல்லை. அறை சூடாகக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுக்கும், அதனால் வழக்கத்தைவிட அரை மணி முன்னதாக ஆன் ஆகும்படி டைமரை மாற்றுங்கள். ரேடியேட்டருக்கு முன்னால் சோபா கிடந்தால் நகர்த்துங்கள். இரண்டு மூன்று நாள் பார்த்தும் வீடு 18ஐ எட்டவில்லை என்றால் 65க்கு ஏற்றிக்கொள்ளுங்கள்.