வாரா வாரம் அப்டேட் போடுகிறேன், ஆனாலும் கெர்னலில் ஓட்டை என்று ரிப்போர்ட் வருகிறதே?

அச்சகத்தான் கேட்டது:

வணக்கம். எங்கள் அச்சகத்தில் பில்லிங்கும் பழைய டிசைன் ஃபைல்களும் இருக்கிற உபுண்டு 22.04 சர்வர் ஒன்றை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். படித்தது பி.காம்., இதெல்லாம் கைவைத்துக் கைவைத்துக் கற்றது. போன வாரம் ஒரு வாடிக்கையாளர் கம்பெனி, எங்கள் ஃபைல்கள் இருக்கும் இடம் பாதுகாப்பானதுதானா என்று ஒரு ஸ்கேன் ஓட்டச் சொன்னார்கள். ஓட்டினால் கெர்னல் (சிஸ்டத்தின் மையக்கரு) பகுதி முழுக்கச் சிவப்பு. உச்சியில் இருப்பவை இரண்டு சிவிஇ (பாதுகாப்பு ஓட்டைகளுக்குப் போடும் பொது எண்): சிவிஇ-2022-0847, சிவிஇ-2024-1086.

எனக்குப் புரியாதது என்னவென்றால், ஞாயிறு இரவு தோறும், பேக்கேஜ்களைப் புதுப்பிக்கும் ஏபிடி-கெட் அப்டேட்டும் அதன் பின்னால் ஏபிடி-கெட் அப்கிரேடும் கிரானில் தானாக ஓடுகின்றன, லாகில் எரர் என்று ஒரு வரிகூட இல்லை. ஓடும் கெர்னலின் எண்ணைச் சொல்லும் யூநேம் காட்டுவது 5.15.0-91. அப்டைம் (ரீபூட் இல்லாமல் ஓடும் காலம்) 412 நாள், ஒரு தடவைகூடப் படுத்ததில்லை. ரிப்போர்ட் தப்பா, நான் தப்பா? இரண்டு ஓட்டைகளுக்கும் ‘லோக்கல்’ (ஏற்கெனவே மெஷினுக்குள் இருப்பவரால்தான் முடியும்) என்று வேறு போட்டிருக்கிறது. லாகின் இருப்பது ஆறே பேருக்கு. வெளியே திறந்திருப்பது வாடிக்கையாளர்கள் ஃபைல் ஏற்றும் ஒரு பிஎச்பி பக்கம் மட்டும்தான். அப்படியிருந்தும் கவலைப்பட வேண்டுமா?

ராத்திரிஷிஃப்ட்:

412 நாள் என்று படித்ததும் எனக்குப் பகீர் என்றது அண்ணே. நீங்கள் அதைப் பெருமையாகச் சொல்கிறீர்கள்!

மற்ற சாஃப்ட்வேர் மாதிரி கெர்னல் கிடையாது. புது கெர்னல் பேக்கேஜ் இறங்கினால் அது பூட் ஃபோல்டரில் போய் ஒரு ஃபைலாக உட்கார்ந்துகொள்ளும், அவ்வளவுதான். மெமரியில் ஓடிக்கொண்டிருப்பது நீங்கள் கடைசியாக மெஷினை ஏற்றிய அன்றைக்கு இருந்த கெர்னல்தான். ரீபூட் பண்ணாத வரைக்கும் எத்தனை அப்டேட் வந்தாலும் அது பெட்டிக்குள் மடித்து வைத்த புதுச் சட்டை. தானாக அப்டேட் போடும் அனட்டெண்டட்-அப்கிரேட்ஸ் இருந்தால்கூட ரீபூட்டை அது தானாகச் செய்யாது, அந்த வரியை நாமாகப் போய்த் திறந்துவிட வேண்டும்.

அப்புறம் ‘லோக்கல்’ என்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். அந்த ஆறு பேரை விடுங்கள். உங்கள் பிஎச்பி பக்கத்தில் யாராவது ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்து நுழைந்தால் அவனுக்குக் கிடைப்பது வெப் சர்வருடைய சாதாரண யூசர் உரிமை. அங்கிருந்து ரூட்டுக்கு, அதாவது முழு அதிகாரத்துக்கு, ஏற இப்படி ஒரு கெர்னல் ஓட்டைதான் ஏணி. 2024-1086 என்பது ஃபயர்வால் வேலை செய்யும் என்எஃப்-டேபிள்ஸ் பகுதியில் இருந்த பிழை: விடுவித்துவிட்ட மெமரியைத் திரும்பத் தொடுகிற ரகம். திருத்தம் 2024 ஜனவரியில் வந்தது, மார்ச்சில் ஓட்டையை உடைக்கும் முழு நிரலும் விளக்கமும் வெளியே வந்துவிட்டன, மே கடைசியில் அமெரிக்க அரசின் சிசா அமைப்பு ‘நிஜத் தாக்குதலில் பயன்படுகிறது’ என்ற தன் பட்டியலில் அதைச் சேர்த்தது. உங்கள் 91 அந்தத் திருத்தத்துக்கு முந்தையது. சனிக்கிழமை வேலை முடிந்ததும் ஒரு ரீபூட் போடுங்கள்.

டெபியன்தாத்தா:

ரீபூட் சரிதான், ஆனால் ரிப்போர்ட்டில் பாதி வெறும் சத்தம், அதையும் சொல்லிவிட வேண்டும்.

2022-0847 என்பது டர்ட்டி பைப். உபுண்டு எடுத்துக்கொள்ளும் மூல லினக்ஸ் கெர்னலில் அது சரியானது 5.15.25-இல். ஸ்கேனர் உங்கள் மெஷினில் 5.15.0 என்று பார்த்து, 25-ஐவிட 0 சின்னது என்று கணக்குப் போட்டுச் சிவப்படித்துவிட்டது. உபுண்டுவில் அந்த 5.15.0 கடைசிவரை அப்படியேதான் நிற்கும், மாறுவது கோடுக்குப் பின்னால் வரும் எண் மட்டும். மூலத்தில் வரும் திருத்தங்களைக் கொண்டுவந்து அதற்குள்ளேயே சேர்ப்பார்கள். ப்ராக் ஃபோல்டரில் வெர்ஷன்_சிக்னேச்சர் என்று ஒரு ஃபைல் இருக்கும், கேட் போட்டுப் பாருங்கள், கடைசியில் உண்மையான மூல எண் தெரியும். தவிர 22.04 வெளிவந்ததே 2022 ஏப்ரலில், டர்ட்டி பைப் விஷயம் ஊருக்குத் தெரிந்தது மார்ச் 7. திருத்தம் உள்ளே இருந்தபடிதான் அது பிறந்தது.

அந்த ஓட்டை அகப்பட்ட கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். மேக்ஸ் கெல்லர்மன் என்பவர் வேலை பார்த்த வெப் ஹோஸ்டிங் கம்பெனியில், இறக்கிய லாக் ஃபைலைப் பிரிக்க முடியவில்லை, சிஆர்சி எரர் (சரிபார்ப்பு எண் பொருந்தவில்லை) வருகிறது என்று ஒரு வாடிக்கையாளர் புகார் கொடுத்தார். இரவில் லாகைப் பிரிக்கும் வேலை பாதியில் நின்றிருக்கும் என்று நினைத்து, கையால் சரிசெய்து மூடிவிட்டார். மாதங்கள் கழித்து அதே புகார், திரும்பவும் அதே புகார். கெட்டுப்போனதெல்லாம் ஃபைலின் கடைசி 8 பைட், அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தது ஜிப் ஃபைலின் தலைப்பு. யாரும் எழுதாத இடத்தில் எப்படி அது வந்தது என்று தோண்டிக்கொண்டே போனார். பைப்பின் (புரோகிராம்களுக்கு நடுவே தகவல் போகும் குழாய்) ஒரு கொடியை (ஃபிளாக்) அழிக்காமல் விட்டதால், படிக்க மட்டும் உரிமை உள்ள ஃபைலின் கேஷிலும் (மெமரியில் இருக்கும் நகல்) யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்ற இடத்தில் போய் நின்றது. அது 5.8-இலிருந்து வந்த வினை. அதற்கு முந்தைய பழைய கெர்னல் வைத்திருந்தவர்கள் தப்பித்தார்கள், புதுசு போட்டவர்கள் மாட்டினார்கள்.

அச்சகத்தான்:

எல்லோருக்கும் நன்றி. சனி இரவு ரீபூட் போட்டேன். முதல் அடி: பிரிண்ட் கியூ எழவே இல்லை. முன்பு அமைத்தவர் 412 நாளுக்கு முன்னால் கையால் ஸ்டார்ட் பண்ணிவிட்டுப் போயிருக்கிறார், தானாக எழும்படி போடவில்லை. அரை மணி நேரம் வியர்த்துவிட்டது.

அதைவிடக் கொடுமை, யூநேம் இன்னும் அதே 5.15.0-91. பூட் ஃபோல்டரில் பார்த்தால் 91-ஐத் தவிர வேறு கெர்னலே இல்லை! தாத்தா சொன்ன சிக்னேச்சர் ஃபைலில் கடைசியில் 5.15.131 என்று வருகிறது. ஒரு வருஷமாக நான் அப்டேட் போட்டது எங்கே போயிற்று?

மணல்வீடு:

நீங்கள் கேள்வியிலேயே விடையை எழுதிவிட்டீர்கள், நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. ஏபிடி-கெட் அப்கிரேடு.

கிரான் லாகைத் திறந்து ‘கெப்ட் பேக்’ என்ற வரியைத் தேடுங்கள். லினக்ஸ்-ஜெனரிக், லினக்ஸ்-இமேஜ்-ஜெனரிக் இரண்டும் அதன் கீழ் வாரா வாரம் வந்திருக்கும். காரணம் இதுதான்: உபுண்டுவில் ஒவ்வொரு கெர்னலும் தன் எண்ணைப் பெயரிலேயே வைத்திருக்கிற தனிப் பேக்கேஜ். அதாவது பழையதற்குப் புதுப் பதிப்பு வருவதில்லை, இதுவரை மெஷினில் இல்லாத ஒரு புதுப் பேக்கேஜ் வருகிறது. ஏபிடி-கெட் அப்கிரேடு புதுப் பேக்கேஜ் எதையும் சேர்க்காது, ஆகவே கெர்னலை மட்டும் ஒதுக்கி வைத்துவிட்டு மற்றதையெல்லாம் போடும். அதன் கணக்கில் இது எரரே இல்லை. அதனால்தான் உங்கள் லாக் சுத்தமாக இருந்தது. ‘கெட்’ இல்லாத வெறும் ஏபிடி அப்கிரேடு அந்தப் புதுப் பேக்கேஜைச் சேர்த்துக்கொள்ளும். இந்த ஒரு சொல் வித்தியாசத்தில் நானும் ஒரு காலத்தில் எட்டு மாதம் ஏமாந்தேன், வெளியே சொல்லிக்கொள்வதில்லை.

இப்போது செய்ய வேண்டியது: டிஎஃப் போட்டு பூட் பார்ட்டிஷனில் இடம் இருக்கிறதா பாருங்கள். முதலில் இது முக்கியம், இடம் தீர்ந்து பாதியில் நின்றால் பூட் ஆகத் தேவையான இனிட்ராம்எஃப்எஸ் ஃபைல் அரைகுறையாகி அடுத்த ரீபூட்டில் நடுராத்திரியில் மானிட்டரைத் தேட வேண்டியிருக்கும். பிறகு ஏபிடி ஃபுல்-அப்கிரேடு. ஆனால் என்ன நீக்கப்போகிறது என்று அது காட்டும் பட்டியலைப் படித்துவிட்டே ‘ஒய்’ அடியுங்கள். 91-ஐ உடனே தூக்கிவிடாதீர்கள், புதுசு சண்டித்தனம் செய்தால் பூட் ஆகும்போது வரும் கிரப் மெனுவில் அதைத் தேர்ந்தெடுத்துத் திரும்ப ஏறலாம். கிரானில் இருப்பதை எடுத்துவிட்டு அனட்டெண்டட்-அப்கிரேட்ஸ் போடுங்கள், ஞாயிறு விடிகாலை ரீபூட் என்று ஒரு நேரத்தையும் வைத்துவிடுங்கள்.

ராத்திரிஷிஃப்ட்:

அட, எனக்கும் கண்ணில் படவில்லை. சனி இரவைக் கெடுத்ததற்கு மன்னிக்கவும் அண்ணே. அடுத்த ரீபூட் வரைக்கும் ஒரு தற்காலிகத் தடுப்பு: சாதாரண யூசர்கள் யூசர் நேம்ஸ்பேஸ் (தனியாகப் பிரித்த ஒரு சூழல்) உருவாக்குவதை, கெர்னல் அமைப்புகளை மாற்றும் சிஸ்சிடிஎல்லில் அணைத்துவிடலாம், அந்த 1086-ஐ ஏவ அதுதான் வழக்கமான வாசல். ரூட் இல்லாமல் கண்டெய்னர் ஓட்டினால் அது உடையும், உங்களிடம் அப்படி எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.

நீலப்பெட்டி:

லைவ்பேட்ச் போட்டால் ரீபூட்டே வேண்டாமே? எதற்கு இவ்வளவு பாடு?

டெபியன்தாத்தா:

அது ஓடுகிற கெர்னலில் கெட்ட ஃபங்ஷனுக்கு வரும் அழைப்பைத் திருத்திய ஃபங்ஷனுக்குத் திருப்பிவிடுகிறது. மோசமான ஓட்டைகளுக்கு மட்டும்தான் அப்படி ஒட்டுப் போடுவார்கள். டேட்டா அமைப்பே மாறினால் அந்த வித்தை சிரமம். நாள் கடத்த உதவும் தம்பி, ரீபூட்டை மறக்க உதவாது. அவர் மெஷினில் கெர்னலே ஒரு வருஷம் பழசு என்பதையும் பாருங்கள்.

அச்சகத்தான்:

முடிந்தது. லாகில் ‘கெப்ட் பேக்’ 50 தடவைக்கு மேல் இருக்கிறது, எண்ணுவதை நிறுத்திவிட்டேன். பூட்டில் இடம் இருந்தது. ஃபுல்-அப்கிரேடு, ரீபூட், இப்போது 5.15.0-131. பிரிண்ட் கியூவைத் தானாக எழும்படி போட்டுவிட்டதால் இந்தத் தடவை மொத்தமே நாலு நிமிடம். ஸ்கேனைத் திரும்ப ஓட்டினேன், 1086 போய்விட்டது, டர்ட்டி பைப் மட்டும் இன்னும் சிவப்பிலேயே நிற்கிறது. வாடிக்கையாளரிடம் என்ன சொல்வது?

டெபியன்தாத்தா:

உபுண்டு தளத்தில் அந்தச் சிவிஇ எண்ணுக்கு ஒரு பக்கம் இருக்கும், 22.04-க்கு என்ன நிலை என்று வரிசையாகப் போட்டிருப்பார்கள். அதையும் சிக்னேச்சர் ஃபைலில் வரும் வரியையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புங்கள். கெட்டிக்காரர்களாக இருந்தால் ஒத்துக்கொள்வார்கள். இல்லையென்றால் ஸ்கேனை லாகின் கொடுத்து ஓட்டச் சொல்லுங்கள், அப்போது அது பேக்கேஜ் எண்ணைப் பார்க்கும்.