நாற்பத்தோராம் நாள் யார் வந்தார்கள்?

செந்தூல் பதினோராம் மாடி எழுதியது:

எனக்கு முதல் குழந்தை, பெண். நாற்பது நாளும் அம்மா கூட இருந்தார். 41ஆம் நாள் காலை பஸ் ஏறி தெலுக் இந்தானுக்குத் திரும்பிவிட்டார். அங்கே அப்பாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். அக்காவும் எத்தனை நாளுக்குத்தான் லீவு போட்டு அவரைக் கூட்டிப் போவாள்? வீட்டுக்காரரின் 7 நாள் லீவு ஆஸ்பத்திரியிலும் பதிவு இலாகாவிலும் கரைந்துபோய் ஒரு மாதம் ஆகியிருந்தது. இங்கே மலேசியாவில் என் பிரசவ லீவு 98 நாள். 2023க்கு முன்னால் பெற்ற அக்காவுக்கு அவள் கம்பெனியில் 60 நாள்தான் கிடைத்தது. அதனால் என்னைப் பார்க்கும்போதெல்லாம் "கொடுத்து வச்சவடி" என்பாள். அம்மாவை வழியனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தியதும் மீதியை எண்ணினேன். 57 நாள். வயிற்றைக் கலக்கியது.

பிரிட்ஜில் மூன்று டப்பா பூண்டுக் குழம்பு இருந்தது. சோறு வடிக்க வேண்டியதுதான் பாக்கி. அந்தச் சோற்றைத்தான் என்னால் வைக்க முடியவில்லை. கீழே படுக்க வைத்தால் பாப்பா அழுவாள், தூக்கினால் தூங்குவாள். மத்தியானம் ஒரு மணிக்கு ஒரு கையில் அவளைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் கிரீம் கிரேக்கரை மைலோவில் தொட்டுத் தின்றேன். ஊறிய பிஸ்கட் உடைந்து அவள் உச்சந்தலையில் விழுந்தது. சூடு இல்லை, நல்ல வேளை. மயிருக்குள் ஒட்டிய துணுக்குகளை ஒவ்வொன்றாக நகத்தால் எடுத்தேன். எடுத்துக்கொண்டே அழுதேன். பாப்பா மட்டும் நிம்மதியாகத் தூங்கினாள்.

அப்புறம் குப்பை. இரண்டு நாள் டயப்பர், வாடை தாங்கவில்லை. பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு பையை எடுத்துக்கொண்டு லிஃப்டுக்குப் போனேன். லிஃப்டில் 13ஏ மாடிச் சீன ஆன்ட்டி இருந்தார். பதினான்காம் மாடிதான், நாலு வரக்கூடாது என்று எங்கள் கட்டடத்தில் அதற்கு 13ஏ என்று பெயர். "ஒரு மாசம் ஆயிடுச்சே, எங்கே சிவப்பு முட்டை?" என்றார். பிள்ளைக்கு ஒரு மாதம் ஆனால் சீனர்கள் கொடுப்பது அது. அவர் கணக்கில் பிரசவக் காவல் முப்பது நாள். நான் பதினோரு நாளாகச் சும்மா வீட்டில் கிடந்திருக்கிறேன். ஒன்பதாம் மாடியில் ஏறிய மக்சிக், மலாய்க்கார அம்மா, என்னைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டார். "எத்தனாவது நாள்?" என்று மலாயில் கேட்டார். சொன்னேன். "44 நாள் பந்தாங் முடியல, இன்னும் மூணு நாள் இருக்கு! யார் உன்னை வெளியே விட்டது?" பந்தாங் என்றால் அவர்களுடைய பிரசவக் காவல். எங்கள் கணக்கு நாற்பது, நேற்றோடு முடிந்தது என்று சொல்லிப் பார்த்தேன். மூன்று கணக்கும் ஒரே லிஃப்டில் இறங்கின.

மக்சிக் என் கையிலிருந்த பையைப் பிடுங்கிக்கொண்டார். "மூணு நாள் நீ கீழே வராதே. குப்பையை வாசலில் வை." அவ்வளவுதான், வேறு பேச்சு இல்லை. சாயங்காலம் ஒரு நீல டப்பாவில் ஹாருவான் மீன் சூப் வந்தது, நம்ம விரால்தான். நான் குடித்து முடிக்கும்வரை பாப்பாவை அவர் வைத்திருந்தார். இரண்டு கையாலும் சாப்பிட்டேன்.

உங்களுக்கெல்லாம் அந்த நாளில் யார் வந்தார்கள்? சொல்லுங்களேன்.

ஜெலுத்தோங்காரி எழுதியது:

41 வரைக்கும் போக வேண்டாம். எனக்கு ஆறாம் நாளே ஆள் வந்தது, கிளினிக் மிஸ்ஸி, நர்ஸ்தான். பினாங்கில் எங்கள் வட்டாரத்து மிஸ்ஸி கொஞ்சம் கறார். வீட்டுக்கு வந்தால் முதலில் கை கழுவுவார், பிறகு என் தையல், பிறகு பாப்பாவின் தொப்புள், கண், தோல் நிறம். அன்று தொட்டிலுக்குப் பக்கத்தில் குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். சேலையை மூக்கருகில் கொண்டுபோய் முகர்ந்தார். "உபாட் ககாட்?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. இங்கே பிறக்கும் எல்லாப் பிள்ளைக்கும் தொப்புள்கொடி ரத்தத்தில் ஜி6பிடி என்ற நொதி குறைவாக இருக்கிறதா என்று சோதனை செய்வார்கள். என் மகனுக்கு அந்தக் குறை உண்டு. ஆஸ்பத்திரியிலேயே தாள் கொடுத்திருந்தார்கள், அதில் உபாட் ககாட் கூடாது என்று முதல் வரியிலேயே இருந்தது. படித்தேன், தலையாட்டினேன், குளிர்பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டினேன். ஆனால் அது நம்ம பாச்சை உருண்டைதான் என்பதும், மாமியார் அலமாரியிலிருந்து எடுத்துக் கட்டிய அந்தப் பழைய சேலை முப்பது வருஷமாகப் பாச்சை உருண்டையோடு கிடந்தது என்பதும் ஒன்றாக என் மண்டைக்குள் சேரவே இல்லை. அந்த வாசனை எனக்குப் பாட்டி வீட்டு வாசனை. ஜி6பிடி குறை இருக்கும் பிள்ளைக்கு அது பட்டால் சிவப்பணு உடையும், மஞ்சள் கிடுகிடுவென்று ஏறும்.

மிஸ்ஸியே தொட்டிலை அவிழ்த்துவிட்டு, உடனே ரத்தம் எடுக்க அனுப்பினார். இரண்டு நாள் நீல விளக்கின் கீழே படுத்திருந்தான், கண்ணைக் கட்டி. எனக்கு மாமியார் மேல் கோபம். அவர் முகத்தைப் பார்த்தால் கோபப்படவும் முடியவில்லை. அது அவருடைய அம்மாவின் சேலை. என் வீட்டுக்காரர் ஆடிய தொட்டிலும் அதுதான். நாங்கள் வீட்டுக்குத் திரும்பியபோது எல்லா அலமாரியும் காலியாக, கதவு திறந்து கிடந்தது. உருண்டைகளைப் பொட்டலம் கட்டிக் கீழே குப்பையில் போட்டிருந்தார். தொட்டில் ஸ்பிரிங்கில் புது பாத்திக் சாரோங், மூன்று முறை துவைத்தது. அதைப் பற்றி நாங்கள் இருவரும் இன்றுவரை பேசியதில்லை.

பிரிக்பீல்ட்ஸ் டீச்சர் எழுதியது:

இதைப் படித்ததும் எழுந்துபோய் அலமாரியைத் திறந்தேன். ஏழு உருண்டை. வரும் மாதம் மகளுக்குப் பிரசவம். நன்றி தங்கச்சி.

ஓர் அப்பா எழுதியது:

ஆண்கள் எழுதலாமா தெரியவில்லை. முப்பதாம் நாள் செக்கப்புக்கு மனைவியோடு கிளினிக் போனேன். மிஸ்ஸி அவளைக் கேட்டார்: போன ஒரு மாதத்தில் மனசு சோர்ந்து, நம்பிக்கையே இல்லாத மாதிரி இருந்ததா? எதிலும் பிடிப்பு இல்லாமல் போச்சா? இரண்டே கேள்வி. "அதெல்லாம் நல்லா இருக்கா மிஸ்ஸி" என்று பதில் சொன்னது நான். மிஸ்ஸி என்னைப் பார்த்து, "ஐயா, வெளியே கேன்டீனில் ஒரு தண்ணீர் போத்தல் வாங்கிட்டு வாங்க" என்றார். போத்தலோடு திரும்பியபோது அறைக்கதவு சாத்தியிருந்தது. முக்கால் மணி நேரம். உள்ளே அவள் என்னவெல்லாம் சொன்னாள் என்று எனக்கு இன்னும் முழுதாகத் தெரியாது. டாக்டர் பார்த்தார், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வரச் சொன்னார். மனசு சரியில்லை என்றால் பேசுவதற்கு 15555 என்ற எண்ணை எழுதிக் கொடுத்தார்கள், சுகாதார அமைச்சின் உதவி எண். இப்போது தேறியிருக்கிறாள். கேள்வி அவளுக்கு வந்தால் நான் வாயைத் திறப்பதில்லை.

தோட்டத்துப் பாட்டி எழுதியது:

நான் சொல்லச் சொல்ல பேத்தி தட்டுகிறாள். எனக்கு மூத்தவன் 1974இல், கோலசிலாங்கூர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். இப்ப பிள்ளைகளோட கோலாலம்பூரில் இருக்கேன். செந்தூல் மகளே, உனக்குத் தனியா இருந்ததுதான் கஷ்டம். எனக்கு ஒரு நிமிஷம் தனியா இருக்க முடியாததுதான் கஷ்டம். லயத்து வீட்டில் சுவருக்கு அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் கேட்கும். பிள்ளை ஏன் இளைச்சிருக்கு, பால் பத்தலையா என்று கேட்காத ஆள் கிடையாது.

இரண்டாவது மாதம் பால்வெட்டுக்குத் திரும்பிட்டேன். விடியுமுன்னே பெரட்டு, ஆள் கணக்கெடுத்து வேலைக்கு அனுப்புறது. பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுட்டு ஓடணும். ஆயா ஒரு கிழவி. எல்லாத் தொட்டிலுக்கும் குறுக்கே ஒரே கயிறு கட்டி, ஓரத்தில் உட்கார்ந்து இழுத்துக்கிட்டே வெற்றிலை போடும். பத்து மணிக்கெல்லாம் எனக்குப் பால் கட்டிக்கும். மரத்துப் பால் ஒரு பக்கம், என் பால் ஒரு பக்கம், சட்டை விறைச்சுப் போகும். என் பால் துவைச்சால் போயிடும், ரப்பர் பால் போகவே போகாது. நிரை முடிச்சு ஓடி வந்தால் அந்த ஆயா எழுந்திருக்க மாட்டா. காலால் ஒரு முக்காலியை என் பக்கம் தள்ளுவா, முதலில் உட்காரு என்று. அந்த முக்காலிதான் எனக்கு ஞாபகம்.

உன் மக்சிக்குக்கு முறுக்கு சுட்டுக் கொடு.

செந்தூல் பதினோராம் மாடி எழுதியது:

பாட்டி, முறுக்கு சுடத் தெரியாது. பிரிக்பீல்ட்ஸில் வாங்கினேன், மன்னிக்கணும். நீல டப்பாவைக் காலியாகத் திருப்பித் தரக்கூடாது என்று அதில் போட்டுக் கொடுத்தேன். மறுநாள் அதே டப்பா குவே லாப்பிஸோடு திரும்பி வந்தது. பிறகு நான் கேசரி, அவர் ரெண்டாங். 44ஆம் நாள் "ஹாபிஸ், முடிஞ்சுது, இனி ஊர் சுற்று" என்று சொன்னவர்தான், ஆனாலும் குப்பைக்கு இன்னும் வருகிறார். என் வீட்டில் அவருடைய டப்பா இப்போது மூன்று இருக்கிறது, ஒன்றுக்கும் மூடி பொருந்தவில்லை.

ஜெலுத்தோங் அக்கா, உங்கள் பதிவை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நம்ம பாப்பாவுக்கு அந்தச் சோதனையில் என்ன வந்துச்சு?" என்று கேட்டார். கார்டை எடுத்துப் பார்த்தேன், சரியாகத்தான் இருக்கிறது. ஆனாலும் இந்த வாரம் அலமாரியைக் காலி செய்கிறாராம்.

13ஏ ஆன்ட்டிக்குச் சிவப்பு முட்டை இன்னும் பாக்கி. லிஃப்டில் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறார்.